ஆரணி நிற்பதற்கு ஓர் அரண்மனைத் தரை

அண்ணா முடிக்காமல் விட்டுப்போனது ஒரே ஒரு அல்பம்தான். அதில் நாலு பக்கம் வெறுமையாக இருந்தது. அந்த நாலு பக்கத்துக்காகத்தான் நான் பீஜிங் போனேன்.

ரொறன்ரோவில் அண்ணாவுக்குக் கல்யாணவீடு, சாமத்தியவீடு படம் எடுக்கிற வேலை. நான் பதினோராம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அவருக்கு லைற் பிடிக்கப் போனேன். ஆறு வருஷம் பிடித்தேன். பெரியபிள்ளையான பெண்ணைச் சேலை, நகை எல்லாம் போட்டு ஒரு பச்சைத் துணிக்கு முன்னால் நிற்கவைத்து எடுப்போம். பிறகு கம்பியூட்டரில் பச்சையை வெட்டிவிட்டு, பின்னால் பாரிஸ் கோபுரம், சுவிஸ் மலை என்று அவர்கள் கேட்டதை வைப்போம். எங்கள் ஆட்களின் வீட்டில் சோபாவுக்குப் பக்கத்தில் இப்படி ஓர் அல்பம் கட்டாயம் இருக்கும். பார்த்துச் சிரிக்கிறவர்களும் உண்டு. அண்ணா அதைச் சிரிப்பு வேலையாகச் செய்யவில்லை.

ஆரணியின் வீட்டுக்காரர் முந்தி வோபர்னில் எங்கள் கட்டடத்தில் இருந்தவர்கள். பிறகு யூனியன்வில்லில் வீடு வாங்கிப் போனார்கள். அவளுடைய சாமத்தியவீட்டில் அண்ணா வழக்கம்போலக் கேட்டார், "பிள்ளை எங்க நிக்கப் போறீர்? பாரிஸோ?"

"நோ. எல்லாரும் பாரிஸ். எனக்கு சைனீஸ் பலஸ் வேணும். அந்த ட்ராமாவில வாறது."

அவள் சீன நாடகங்கள் எல்லாம் பார்க்கிறவள். அவளுடைய தாய்க்கு வெட்கமாகப் போய்விட்டது. "இன்டர்நெற்றில ஒண்டை எடுத்துப் போட்டுவிடும் தம்பி, உவள் இப்பிடித்தான்" என்றார்.

"அது சரிவராது அன்ரி. வேற ஆரோ எடுத்த படத்துக்குள்ள எங்கட பிள்ளையை நிப்பாட்டக்கூடாது. நான் போய் எடுத்துக்கொண்டு வாறன்."

"ஒரு அல்பத்துக்குச் சீனாவுக்கோ?"

"ஒண்டுக்கு இல்லை. யூனியன்வில் பிள்ளையள் எல்லாம் இனி இதைத்தான் கேக்கப்போகுதுகள். இருந்து பாருங்கோ."

அது நவம்பர். ஜனவரியில் அண்ணா வாசலில் பனி தள்ளப் போனார். முப்பத்தொரு வயது. மாரடைப்பு என்றார்கள். பனி அள்ளுகிற ஷவலைப் பனிக்குள் நேராகக் குத்தி நிறுத்திவிட்டு அதன் பக்கத்தில் இருந்துவிட்டார்.

மார்ச்சில் ஆரணியின் தாய் என்னுடைய சுகம் கேட்கப் போன் எடுத்தார். கதைத்துக்கொண்டு இருந்தவர் வாய் தவறி, "அண்ணா எப்ப முடிப்பாராம்?" என்று கேட்டுவிட்டார். அவர் அழத் தொடங்கினார். நான் சொன்னேன், "முடிப்பம் அன்ரி."

அக்டோபரில் வெளிக்கிட்டேன். அண்ணாவின் முதல் வருஷத்து ஆட்டைத் திவசம் இன்னும் முடியவில்லை. அம்மா போனில் எல்லோருக்கும், "வருசம் முடியேல்லை, உவள் சீனாவுக்குப் போறாள்" என்று முறைப்பாடு சொன்னார். சொல்லிக்கொண்டே என்னுடைய பெட்டிக்குள் மிக்சரும் பருத்தித்துறை வடையும் அடைத்தார். எயார்போர்ட்டில் மட்டும், "அவன் ஏத்த வேலைதானே. போட்டு வா" என்றார்.

சனிக்கிழமை பீஜிங்கில் இறங்கினேன். என்னுடைய ஹோட்டல் ஒரு ஒடுக்கமான ஒழுங்கைக்குள் இருந்தது. கவுண்டரில் லீ என்று ஒரு அக்கா. ஆங்கிலம் கொஞ்சம் கதைப்பார், மிச்சத்தைப் போனில் மொழிபெயர்த்துக் காட்டுவார். கவுண்டருக்குக் கீழே ஒரு சின்ன சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல் வைத்து அதில் காலைத் தூக்கிவைத்திருப்பார். "தனியாகவா வந்தாய்?" என்று கேட்டார். ஓம் என்றேன். "சாப்பிட்டாயா?" என்று அடுத்ததாகக் கேட்டார். அந்தக் கேள்வி எங்கள் ஆட்களிடம்தான் இருக்கிறது என்று நான் நினைத்திருந்தேன்.

ஒழுங்கை முனையில் ஒரு வண்டிலில் தோசைக்கல் மாதிரி வட்டக்கல். ஒருவர் மாவை ஊற்றி, மேலே முட்டை உடைத்துப் பரவி, உறைப்புச் சம்பல் மாதிரி ஒன்றைத் தடவி, நடுவில் மொறுமொறுவென்று ஒரு பொரியலை வைத்து மடித்துத் தந்தார். மார்க்கம் மோலில் நான் எத்தனையோ தரம் சீனச் சாப்பாடு சாப்பிட்டிருக்கிறேன். இது அங்கே இல்லை. நின்ற நிலையில் இரண்டு சாப்பிட்டேன். ஜனவரிக்குப் பிறகு நான் இரண்டாவது கேட்டுச் சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

ஞாயிறு காலை எட்டரைக்கே அரண்மனை வாசலுக்குப் போய்விட்டேன். ஸ்காபரோவில் தேர்த்திருவிழாச் சனத்தைப் பார்த்து மலைத்தவள் நான். இங்கே அதுமாதிரிப் பத்துத் தேர். கமெராவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சனம் தள்ளின பக்கமெல்லாம் போனேன்.

உள்ளே போனதும் எனக்குப் பயம் விட்டுப்போய்விட்டது. வேலை வந்துவிட்டது. பெரிய சிவப்புக் கதவுகளில் உள்ளங்கை அளவு பொன்னிறக் குமிழ்கள், வரிசைக்கு ஒன்பதாக ஒன்பது வரிசை. கை எட்டுகிற உயரம்வரை எல்லாரும் தடவித் தடவி நிறம் மாறியிருந்தது. அதற்கு மேலே புதுசு மாதிரி. நான் அந்த எல்லைக்கோட்டைக் கிட்டப்போய் எடுத்தேன். வெள்ளைக் கல் மேடையின் விளிம்பு முழுக்க வாயைத் திறந்த மிருகத் தலைகள். மழைத்தண்ணீர் அந்த வாய்களால்தான் வெளியே போகுமாம். தீ அணைக்கத் தண்ணீர் நிரப்பி வைத்த பெரிய அண்டாக்கள், பூசியிருந்த பொன்னை யாரோ சுரண்டிய கீறல்களோடு. எல்லாம் எடுத்தேன்.

கூரை முனைகளில் மஞ்சள் ஓட்டின்மேல் குட்டி மிருகங்கள் வரிசையாக இருந்தன. முன்னுக்கு, ஒரு கோழி மாதிரி ஒன்றின் முதுகில் ஒரு மனிதன். பக்கத்தில் ஒரு வழிகாட்டி வெள்ளைக்காரக் கூட்டத்துக்கு ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார், "இது முதலில் அழகுக்கு வைத்தது இல்லை. ஓடு வழுக்காமல் இருக்க ஆணி அடிப்பார்கள். ஆணிக்குள் மழை இறங்காமல் இருக்க மூடி வேண்டும். மூடிதான் மிருகமாகிவிட்டது." அந்தக் கூட்டத்தில் ஒரு கிழவர் தன் மனைவியிடம், "எங்கள் கூரைக்கும் இப்படி நாலு வேண்டும், போன கிழமையும் ஒழுகியது" என்றார். அவர்களும் கனடாதான், ஹமில்டன் என்று தொப்பியில் இருந்தது.

எங்கே திரும்பினாலும் அரசிமார். வாடகைக்கு எடுத்த பழங்கால உடுப்பு, தலையில் பெரிய பூவேலைக் கிரீடம், முகத்தில் கனத்த மேக்கப். பின்னால் தாய் ஒரு கையில் தண்ணீர்ப் போத்தலும் மறுகையில் மகளின் சப்பாத்துமாக. முன்னால் ஒரு கமெராக்காரர், "நாடியைக் கொஞ்சம் இறக்கு" என்பதுமாதிரிக் கையைக் காட்டிக்கொண்டு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேறு என்ன, சாமத்தியவீடுதான். விழா ஹோல் மட்டும் கொஞ்சம் பெரிது.

அங்கே தெற்கு வாசலால் போனால் வடக்கு வாசலால்தான் வெளியே வரலாம், திரும்பி உள்ளே விடமாட்டார்கள். அறுநூறு படம் எடுத்த சந்தோஷத்தில் வெளியே வந்து, வந்த பஸ்ஸில் ஏறினேன். நம்பர் சரி, பக்கம் பிழை. முக்கால் மணித்தியாலத்துக்குப் பிறகு தளபாடக் கடைகள் மட்டும் இருந்த ஒரு றோட்டில் பஸ் நின்றது. டிரைவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஹோட்டல் கார்ட்டைக் காட்டினேன். அவர் தலையில் கைவைத்தார். பிறகு என்னை எதிர்ப்பக்கம் கூட்டிக்கொண்டுபோய், அடுத்த பஸ் டிரைவரிடம் நீளமாக ஏதோ சொல்லி ஏற்றிவிட்டார். அந்த டிரைவர் ஒவ்வொரு தரிப்பிலும் கண்ணாடிக்குள்ளால் என்னைப் பார்த்து, "இல்லை, இன்னும் இல்லை" என்று கையை ஆட்டிக்கொண்டே வந்தார். பஸ்ஸில் இருந்த சனம் எல்லாம் நான் இறங்குகிற இடத்துக்காகக் காத்திருந்ததுமாதிரி இருந்தது. இறங்கும்போது மூன்று பேர் ஒன்றாக "இதுதான்" என்றார்கள்.

அன்று பின்னேரம் அண்ணாவின் லப்டொப்பைத் திறந்து ஆரணியை வைத்துப் பார்த்தேன். சரிவரவில்லை.

கதவுக் குமிழ் இருந்தது, கூரை மிருகம் இருந்தது, அண்டா இருந்தது. ஆரணி எங்கே நிற்பாள்? ஒரு படத்திலும் தரை இல்லை. எல்லாவற்றையும் கிட்டப்போய் அழகாக எடுத்துவிட்டு, ஒரு பிள்ளை கால் வைக்க இடம் எடுக்காமல் வந்திருக்கிறேன். அவளை எங்கே வைத்தாலும் காற்றில் தொங்கினாள். வெளிச்சமும் பிழை. காலையில் எடுத்தபடியால் வெயில் வலப்பக்கத்திலிருந்து விழுந்திருந்தது. ஆரணிக்கு நான் லைற் பிடித்தது இடப்பக்கம். படத்தைத் திருப்பிப் போட்டால் வெளிச்சம் சரிவரும், ஆனால் பின்னால் தெரிகிற பெயர்ப்பலகையின் சீன எழுத்தும் திரும்பிவிடும். அது ஆரணிக்கு விளங்காது, எனக்கும் விளங்காது. யூனியன்வில்லில் அவளுடைய வகுப்பில் பாதிப் பேர் சீனப் பிள்ளைகள், அவர்களுக்கு விளங்கும். அந்த அல்பத்தை அவள் பிறகு வெளியே எடுக்கமாட்டாள்.

அண்ணா எப்படிச் செய்தார் என்று பார்க்க அவருடைய பாரிஸ் போல்டரைத் திறந்தேன். வெளிநாட்டுக்கு அவர் தனியாகத்தான் போவார், அந்தப் படங்களை நான் முழுதாகப் பார்த்ததில்லை. பாதிக்கு மேல் தரை. கல்லுத் தரை, மண் தரை, ஈரத் தரை, படிக்கட்டு. கோபுரம் கொஞ்சம்தான். ஒன்றில் கீழ் ஓரத்தில் அவருடைய சப்பாத்து நுனி விழுந்திருந்தது. நான் லப்டொப்பை மூடிவிட்டு அப்படியே கட்டிலில் இருந்தேன்.

உண்மையைச் சொல்லவேண்டும். எனக்கு அழுகை வந்தது, ஆனால் உள்ளுக்குள் ஒரு ஆறுதலும் வந்தது. இந்த அல்பம் முடியாமல் இருக்கும்வரை அண்ணாவுக்கு ஒரு வேலை இருக்கிறது. யாரோ ஒருவர் அவருக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார். முடித்துக் கொடுத்துவிட்டால் அவருக்கு இந்த உலகத்தில் செய்ய ஒன்றும் மிச்சமில்லை. தரையை நான் மறந்தேனா, மறக்க விரும்பினேனா என்று எனக்கே தெரியவில்லை.

திங்கட்கிழமை அரண்மனை பூட்டு. புதன் காலை எனக்குப் பிளேன். செவ்வாய் ஒருநாள்தான் இருந்தது, அதற்கும் டிக்கெட் முடிந்துவிட்டது. லீ அக்காவிடம் போய்ச் சொன்னேன். ஏன் இன்னொரு தரம் போகவேண்டும் என்று கேட்டார். ஆரணியின் படத்தைக் காட்டினேன். காற்றில் தொங்குகிற ஆரணி. அவர் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். "யாராவது டிக்கெட்டைத் திருப்பி விடுவார்கள், நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்று போனைக் கவுண்டரில் சாய்த்து வைத்தார்.

திங்கள் மத்தியானம் பக்கத்துக் கடையில் நூடில்ஸ் சாப்பிட்டேன். கடைக்கார அம்மா நான் மிச்சம் விட்டதைப் பார்த்துக் கோபித்துக்கொண்டு, உறைப்பெண்ணெய்ப் போத்தலைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். போட்டுச் சாப்பிட்டேன், இறங்கியது. ஹோல் வேலை முடிந்து சனம் எல்லாம் போன பிறகு நானும் அண்ணாவும் வயர் சுருட்டிக்கொண்டு, குசினியில் மிஞ்சிய ரோல்ஸை நின்றபடியே தின்போம். அவர் என்னுடையதில் பாதியையும் எடுத்துவிடுவார். "நீ லைற்தானே பிடிச்சனி, எனக்குத்தான் பசி" என்பார்.

அறைக்குத் திரும்பிவந்து ஆரணியின் படத்தைத் திரும்பவும் திறந்தேன். வெளிச்சம் எந்தக் கோணத்தில் விழுந்தது என்று அறிய ஒரு வழி இருக்கிறது. ஆளின் கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கவேண்டும், கண்மணியில் லைற் தெரியும். பெரிதாக்கினேன். இடப்பக்கம் ஒரு வெள்ளைச் சதுரம். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்ன உருவம், நான். நடுவில் கமெராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு ஒரு நீள உருவம். பெருக்கப் பெருக்க அது சதுரம் சதுரமாக உடைந்து ஒன்றுமில்லாமல் போனது. திரும்பச் சின்னதாக்கினேன். அண்ணா அங்கே நின்றார்.

என்னுடைய தலை அவருடைய தோளுக்குத்தான் வந்தது.

அப்போதுதான் மற்றப் பிழை பிடிபட்டது. ஆரணியை எடுத்தது அண்ணாவின் கண் உயரத்திலிருந்து. அரண்மனையை நான் எடுத்தது என்னுடைய உயரத்திலிருந்து. தரையை எடுத்திருந்தாலும் இரண்டும் ஒட்டியிருக்காது. ஏதோ ஒன்று பிழை என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்றிக்கொண்டே இருந்திருக்கும்.

மூன்றுகால் ஸ்டாண்ட் உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். கீழே இறங்கிப்போய் லீ அக்காவின் காலடியைக் காட்டினேன். சிவப்பு ஸ்டூல். அவர் காலை எடுத்துக்கொண்டார். அதன்மேல் ஏறி நின்று பார்த்தேன். உயரம் கொஞ்சம் கூடத்தான், முழங்காலை மடித்தால் அண்ணா.

"டிக்கெட்டும் வந்துவிட்டது" என்றார் லீ அக்கா. "ஆனால் பின்னேரத்துக்குத்தான். பரவாயில்லையா?"

பின்னேரம் என்றால் வடக்கே பார்த்து நின்று எடுக்கும்போது வெயில் இடப்பக்கம். நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். அவருக்கு ஏன் என்று விளங்கவில்லை.

செவ்வாய் வாசல் சோதனையில் காவலர் பைக்குள்ளிருந்து ஸ்டூலை எடுத்துத் தூக்கிப் பார்த்தார். "இது என்ன?" நான் முழங்காலைத் தொட்டுக் காட்டி முகத்தைச் சுளித்தேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இந்த வயதிலேயா" என்று பக்கத்தில் நின்றவரிடம் சொல்லி உள்ளே விட்டார். போன் அதை எனக்கு மொழிபெயர்த்துத் தந்தது.

இந்தமுறை நான் குனிந்த தலை நிமிராமல் நடந்தேன். சாம்பல் நிறக் கல், ஒன்றுபோல் ஒன்று இல்லை. சிலது நடுவில் குழிந்திருந்தது, சிலது ஒரு பக்கம் எழும்பியிருந்தது, இடுக்குகளில் புல். நல்ல தரை. அண்ணாவுக்குப் பிடித்திருக்கும். ஆனால் தரை இருந்த இடமெல்லாம் கால்கள். இரண்டு மணித்தியாலம் ஒரு முற்றத்திலிருந்து இன்னொரு முற்றமாக அலைந்தேன். ஒரு நிமிஷம்கூடத் தரை சும்மா கிடக்கவில்லை.

நாலரைக்கு மேற்குப் பக்கத்தில் ஒரு சின்ன முற்றத்துக்கு வந்தேன். வடக்கே ஒரு மண்டபம், சிவப்புத் தூண், பச்சையும் நீலமும் தீட்டிய உத்தரம். வெயில் சரிந்து இடப்பக்கத்தால் மஞ்சளாக விழுந்தது. அங்கே ஒரு அரசி நின்றாள், பதினெட்டு வயது இருக்கும். அவளைப் படம் எடுத்த பெண்ணுக்கு என்னுடைய வயது. ஒரு கையில் கமெரா, மறுகையில் வெளிச்சம் திருப்புகிற வட்டத் தகடு, இரண்டையும் ஒன்றாகச் சமாளிக்க முடியாமல் கஷ்டப்பட்டாள். அரசியின் பாவாடைக் கரை மடிந்து சப்பாத்துக்குக் கீழே போயிருந்தது.

நான் யோசிக்கவில்லை. போய் முழங்காலிட்டுக் கரையை இழுத்து, மடிப்பை நீவி, தரையில் விரித்துவிட்டேன். ஆறு வருஷம் செய்த வேலை, கை தானாகப் போய்விட்டது. எழும்பும்போதுதான் வெட்கமாக இருந்தது. கமெராக்காரி என்னைப் பார்த்தாள். தகட்டை நீட்டினாள். நான் இடப்பக்கம் போய்ப் பிடித்தேன்.

இருபது நிமிஷம் பிடித்தேன். அவள் கையைக் கொஞ்சம் அசைத்தால் போதும், உயர்த்தவோ சரிக்கவோ எனக்கு விளங்கியது. முடிந்ததும் போனில் எழுதிக் காட்டினாள், "நீங்களும் இந்த வேலையா?"

"ஓம். லைற் பிடிக்கிறது" என்று எழுதினேன்.

"உங்கள் போட்டோகிராபர் எங்கே?"

"அவர் இறந்துவிட்டார். அவர் என்னைவிட உயரம். அதுதான் ஸ்டூல் கொண்டுவந்தேன்" என்று எழுதினேன்.

அவள் இரண்டு தரம் வாசித்தாள். போனைப் பைக்குள் வைத்துவிட்டு அரசியின் காதில் ஏதோ சொன்னாள்.

அதற்குள் காவலர்கள் பூட்டும் நேரம் என்று சொல்லிக்கொண்டு வரத் தொடங்கிவிட்டார்கள். சனம் எல்லாம் வாசல் பக்கம் திரும்பியது. முற்றம் மெல்ல மெல்லக் காலியானது. ஒரு காவலர் எங்களை நோக்கிக் கையை வீசினார். அரசி கிரீடம் ஆட ஆட அவரிடம் ஓடிப்போய் எதையோ கேட்டாள். அவர் தலையாட்டவில்லை. ஆனால் திரும்பி நின்று வேறு பக்கம் பார்த்தார்.

நான் ஸ்டூலைத் தரையில் வைத்தேன். கல் சமன் இல்லை, ஆடியது. கமெராக்காரி குந்தியிருந்து இரண்டு கையாலும் அதை இறுக்கிப் பிடித்தாள். எனக்காக ஒருவர் பிடித்தது அதுதான் முதல்தரம். ஏறி, முழங்காலைக் கொஞ்சம் மடித்து, கமெராவைக் கண்ணில் வைத்தேன்.

இந்த உயரத்திலிருந்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை. தரை இவ்வளவு அகலம் என்று தெரியாது. மண்டபத்தின் படி வரைக்கும் ஒருவரும் இல்லாமல், வெயில் பட்டு, கல்லுக்குக் கல் சின்ன நிழல் விழுந்து கிடந்தது. ஆரணி நடுவில் தாராளமாக நிற்கலாம். சேலைக் கரையையும் விரித்துவிடலாம்.

ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் அண்ணா கமெராவிலிருந்து கண்ணை எடுத்து இடப்பக்கம் பார்ப்பார். "சரியோ தங்கச்சி?" என்பார். நான் லைற்றைப் பார்த்துவிட்டுச் சொன்ன பிறகுதான் அழுத்துவார்.

நானும் கண்ணை எடுத்து அந்தப் பக்கம் பார்த்தேன். அங்கே நான் வழக்கமாக நிற்கிற இடத்தில் ஒருவரும் இல்லை. வெயில் மட்டும் சரியான உயரத்தில் நின்றது.

"சரி அண்ணா" என்று சொல்லிவிட்டு அழுத்தினேன்.